காசநோயாளியை வீட்டைவிட்டு அனுப்ப வேண்டுமா? சென்னை சொன்ன பதில்

சென்ற ஆண்டு ஒருநாள் அஸர் தொழுகை முடிந்து நாம் வெளியே வரும்போது, நமது மஹல்லாவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் ஹவுளு ஓரத்தில் நமக்காகக் காத்திருந்தார். மற்றவர்கள் கலைந்து செல்லும்வரை பேசவில்லை. பிறகு மெல்லிய குரலில் கேட்டார்: "ஹஜ்ரத், மருமவளுக்கு டிபின்னு சொல்லிட்டாங்க. அவங்க உம்மா வீட்டுக்கு அனுப்பி வெச்சிருக்கோம். பேரப்புள்ள எங்ககிட்டதான் இருக்கு. குணமான பொறவு கூட்டிக்கலாம்னு இருக்கோம். கொள்ளைநோய் உள்ள ஊருக்குப் போகாதீங்கன்னு நபி (ஸல்) சொல்லியிருக்காங்கள்ல, அதுனால மார்க்கத்துல தப்பு இல்லையே?"

அவர் கெட்ட மனிதர் அல்ல. பயந்த மனிதர். அவர் நினைவுகூர்ந்த நபிமொழி உண்மைதான். ஆனால் அவர் அதில் பாதியைத்தான் சொன்னார். நோய் பரவியுள்ள ஊருக்குள் நுழைய வேண்டாம் என்பதோடு, அங்கே இருப்பவர் அங்கிருந்து தப்பி வெளியேறவும் வேண்டாம் என்பது அதன் மறுபாதி. மருமகளைத் தாய் வீட்டுக்கு அனுப்புவது நோயை நிறுத்துவதல்ல, அடுத்த வீட்டின் வாசலில் கொண்டுபோய் விடுவது. அதுவும் நாமறிந்தவரை அந்தத் தாய் வீடு இவர்களுடைய வீட்டைவிடச் சிறியது.

எனினும் அவருக்கு அங்கேயே ஒரு சட்டத்தைச் சொல்லி அனுப்ப நமக்கு மனம் வரவில்லை. ஒரு விஷயத்தில் மார்க்கத் தீர்ப்புச் சொல்வதற்கு முன், அந்த விஷயத்தின் உண்மை நிலவரம் தெரிந்திருக்க வேண்டும் என்பது மதரஸாவில் நமக்குச் சொல்லித் தரப்பட்ட முதல் பாடங்களில் ஒன்று. மருந்து சாப்பிடும் காசநோயாளி வீட்டிலேயே இருந்தால் வீட்டாருக்கு ஆபத்து கூடுமா, கூடாதா? இது ஃபிக்ஹு நூல்களில் தேட வேண்டிய கேள்வி அல்ல. இதற்கான விடையை ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன் நமது சென்னையில்தான் சோதித்துப் பார்த்தார்கள். உலகமே அந்த விடையை ஏற்றுக்கொண்டது. நமது வீடுகளுக்குத்தான் அது இன்னும் வந்து சேரவில்லை.

சென்னைப் புறநகர் ரயிலில் போய்வருபவர்களுக்கு 'தாம்பரம் சானடோரியம்' என்ற நிலையத்தின் பெயர் பழக்கமானது. நாம் பட்டப்படிப்பில் வரலாறு படித்த காலத்தில் பல நாள் அந்த நிலையத்தைக் கடந்து போயிருக்கிறோம், அந்தப் பெயரின் பொருளை யோசித்ததே இல்லை. 1928இல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து காசநோயாளிகளுக்காக அங்கே ஏற்படுத்திய மருத்துவமனைதான் அந்த சானடோரியம். மருந்தே இல்லாத காலம் அது. ஊரைவிட்டு விலகிய இடம், மரங்கள், நல்ல காற்று, பால், முட்டை, மாதக்கணக்கில் படுக்கை ஓய்வு. எலும்புருக்கி நோய் என்று அழைக்கப்பட்ட இந்த நோய்க்கு அன்றைய மருத்துவம் தர முடிந்தது அவ்வளவுதான். நோயாளியை வீட்டைவிட்டுப் பிரிக்க வேண்டும் என்ற எண்ணம் அந்தக் காலத்தில் இருந்து வந்தது. அன்று அதற்குக் காரணம் இருந்தது.

பிறகு மருந்து வந்தது. 1943இல் அமெரிக்காவில் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. அது உண்மையிலேயே வேலை செய்கிறதா என்பதை எப்படி அறிவது? சிலர் மருந்தின்றியும் தேறிவிடுவார்கள், சிலர் மருந்து தந்தும் இறந்துபோவார்கள். ஒரு மருத்துவர், பிழைக்கக்கூடியவர் என்று தமக்குத் தோன்றியவர்களுக்கே மருந்தைக் கொடுத்துவிட்டு, பிறகு மருந்தால் பிழைத்தார்கள் என்று சொல்லிவிடலாம். அவர் பொய் சொல்லவில்லை, தம்மை அறியாமலேயே ஏமாந்திருப்பார்.

பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் இதற்கு ஒரு வழி கண்டது. போருக்குப் பின் அந்நாட்டில் டாலர் தட்டுப்பாடு. கிடைத்த மருந்து எல்லோருக்கும் போதாது. எனவே பிராட்ஃபோர்டு ஹில் என்ற புள்ளியியலாளர், யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் படுக்கை ஓய்வு என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விடாமல், முன்பே குலுக்கல் முறையில் தீர்மானித்து, மூடிய உறைகளில் வைத்து அனுப்பினார். மொத்தம் 107 நோயாளிகள். ஆறு மாத முடிவில், மருந்து பெற்ற 55 பேரில் 4 பேர் இறந்திருந்தனர். ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர் இறந்திருந்தனர். 1948இல் இந்த முடிவு வெளியானது. இன்று புதிய மருந்து எதுவானாலும் ஏறக்குறைய இந்த வழியாகத்தான் நம்மிடம் வந்து சேர்கிறது.

'நோயாளிகளின் உயிரில் குலுக்கல் போடுவதா?' என்று சிலர் கேட்பார்கள். நமக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் குர்ஆ போடுவது நமக்குப் புதிதா? நபி (ஸல்) அவர்கள் பயணம் புறப்படும்போது, மனைவியரில் யாரை உடன் அழைத்துச் செல்வது என்பதைச் சீட்டுப் போட்டுத்தான் முடிவு செய்தார்கள். உரிமையில் எல்லோரும் சமமாக இருந்து, ஒருவரை முற்படுத்த நியாயமான காரணம் எதுவும் இல்லாதபோது, மனச்சாய்வை அகற்றும் வழி அது. எந்தச் சிகிச்சை சிறந்தது என்று எவருக்கும் தெரியாத நிலையில் போடப்படும் சீட்டும் அத்தகையதே. தெரிந்த பிறகும் சீட்டுப் போட்டால்தான் அநீதி.

அந்த ஆய்வுக்கு இன்னொரு பின்பகுதி உண்டு, அதைப் பலரும் சொல்வதில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது மருந்து பெற்ற 55 பேரில் 32 பேரும், பெறாத 52 பேரில் 35 பேரும் இறந்துபோயிருந்தார்கள். முதலில் தெரிந்த பெரிய வித்தியாசம் ஏறக்குறையக் கரைந்துவிட்டது. ஒற்றை மருந்தைச் சந்தித்த கிருமிகளில் அதற்கு அடங்காதவை பிழைத்துப் பெருகின. அதன் பிறகுதான் காசநோய்க்கு ஒரே மருந்து தரக் கூடாது, ஒன்றுக்கு மேற்பட்டவற்றைச் சேர்த்தே தர வேண்டும் என்ற விதி பிறந்தது. இன்று நான்கு மருந்துகள் சேர்ந்த மாத்திரையை விழுங்கும்போது 'எதற்கு இவ்வளவு?' என்று அலுத்துக்கொள்பவர்கள் அந்த 32 பேரை நினைத்துப் பார்க்கலாம்.

இப்போது சென்னைக்கு வருவோம். 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், அன்றைய மதராஸ் மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகிய நான்கும் சேர்ந்து காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் ஒன்றைத் தொடங்கின. சேத்துப்பட்டில் இருக்கும் இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் தொடர்ச்சிதான். அப்போது ஐசோனியாசிட் என்ற மலிவான மாத்திரையும், பி.ஏ.எஸ். என்ற மருந்தும் கைக்கு வந்திருந்தன. ஆனால் நாட்டில் இருந்த நோயாளிகளின் எண்ணிக்கைக்கு சானடோரியம் படுக்கைகள் எந்த விதத்திலும் போதாது. அப்படியானால் வீட்டிலேயே வைத்துச் சிகிச்சை தரலாமா? மேலை நாட்டு மருத்துவர்கள் பலர் இதை ஏற்கத் தயங்கினார்கள். குடிசையில், பட்டினியில், ஒரே அறையில் எட்டுப் பேர் படுக்கும் இடத்தில் எப்படிக் குணமாகும்? வீட்டாருக்கெல்லாம் ஒட்டிக்கொள்ளாதா?

பெரியவர் நம்மிடம் கேட்ட அதே கேள்வி!

வாலஸ் ஃபாக்ஸ் என்ற மருத்துவரின் தலைமையில் இந்தக் கேள்வியைச் சீட்டுப் போட்டே சோதித்தார்கள். சென்னை நகரின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகள். ஒரு பாதியினர் ஓராண்டு சானடோரியத்தில், மறுபாதியினர் அவரவர் வீட்டில். மருந்து இருசாராருக்கும் ஒன்றே. சானடோரியத்தில் இருந்தவர்களுக்குச் சத்தான உணவு, ஓய்வு, செவிலியர் கவனிப்பு எல்லாம் இருந்தன. வீட்டில் இருந்தவர்களுக்கு அவை இல்லை. அவர்களில் பலர் சமைத்தார்கள், தண்ணீர் சுமந்தார்கள், வேலைக்கும் போனார்கள்.

வீட்டில் தருவதென்றால் மாத்திரையை நீட்டிவிட்டு மறந்துவிடுவது அல்ல. பி.ஏ.எஸ். ஒரு நாளைக்கு 10 கிராம் அளவில் விழுங்க வேண்டிய, வயிற்றைப் புரட்டும் மருந்து. எனவே நோயாளிகள் மருந்தை முறையாகச் சாப்பிடுகிறார்களா என்று பார்க்க, சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கே போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். நோயாளியைச் சந்தேகித்தார்கள் என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. அலட்சியம் மனித சுபாவம் என்று ஒப்புக்கொண்டார்கள், அவ்வளவே.

1959இல் முடிவு வெளியானது. ஓராண்டுக்குப் பின் சளியில் கிருமி அடங்கிய நிலையை அடைந்தவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். பாலும் முட்டையும் படுக்கையும் கூட்டித் தந்த வித்தியாசம் அவ்வளவுதான். மருந்தே பெரும்பகுதி வேலையைச் செய்திருந்தது.

நமது பெரியவருக்குத் தேவைப்பட்ட பதில் அடுத்த பகுதியில் இருக்கிறது. நோயாளிகளோடு ஒரே வீட்டில் வாழ்ந்த குடும்பத்தாரை அந்த மையம் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்தது. நோயாளியை வீட்டிலேயே வைத்திருந்த குடும்பங்களில், சானடோரியத்துக்கு அனுப்பிய குடும்பங்களைவிட அதிகமாக நோய் வரவில்லை. காரணம் எளிது. நோய் என்று தெரிவதற்கு முந்தைய மாதங்களில், அவர் இருமிக்கொண்டே சமைத்து, பிள்ளையைத் தூக்கி, பக்கத்தில் படுத்து உறங்கிய நாட்களில்தான் கிருமி பரவுகிறது. சரியான மருந்து உள்ளே போகத் தொடங்கிய சில வாரங்களிலேயே அவர் பிறருக்குத் தொற்றவைக்கும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அதாவது, ஆபத்தான நாட்களிலெல்லாம் ஒன்றாக இருந்துவிட்டு, ஆபத்து இறங்கத் தொடங்கும் நாளில் நாம் அவரை வெளியே அனுப்புகிறோம். தட்டையும் தம்ளரையும் தனியாக வைக்கிறோம். காசநோய் தட்டில் பரவாது, காற்றில் பரவுகிறது. சன்னலைத் திறந்து வைப்பதும், முதல் சில வாரங்கள் முகக்கவசம் அணிவதும், இருமும்போது வாயை மூடுவதும்தான் பயன் தருபவை.

இந்த ஆய்வின் முடிவு உலக சுகாதார நிறுவனத்தின் வழியாகப் பல நாடுகளுக்குப் போனது. சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன அல்லது வேறு பணிக்கு மாறின. மருந்தை ஒருவர் கண்முன்னே விழுங்கச் செய்யும் முறை பின்னாளில் உலகெங்கும் பரவியதற்கும் சென்னையில் 1960களில் நடந்த ஆய்வுகள் ஒரு காரணம். ரிஃபாம்பிசின் வந்த பிறகு ஒன்றரை ஆண்டு வரை நீண்ட சிகிச்சை ஆறு மாதமாகக் குறைந்தது.

எல்லா ஆய்வும் இப்படி இனிப்பான முடிவைத் தந்துவிடவில்லை. 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வில் இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானோர் சேர்க்கப்பட்டனர். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்பதே கிடைத்த முடிவு. இவ்வளவு செலவும் உழைப்பும் போட்டவர்கள் அதை மறைக்காமல் வெளியிட்டார்கள். குழந்தைகளுக்கு வரும் கடுமையான மூளைக் காசநோய் போன்றவற்றிலிருந்து அது காக்கிறது என்பதால் இன்றும் பிறந்த குழந்தைக்கு அந்த ஊசி போடப்படுகிறது.

பெரியவரிடம் இவற்றையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லவில்லை. சென்னை ஆய்வை மட்டும் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப எங்களுக்கு?" என்றார். அதுதான் சரியான கேள்வி. பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்த அவசரத்தில், அந்தப் பிள்ளையை யாரும் மருத்துவரிடம் காட்டவே இல்லை. வீட்டில் ஒருவருக்குக் காசநோய் என்றால், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைப் பரிசோதித்து, நோய் இல்லாவிட்டால் தடுப்பு மருந்து கொடுப்பது நெடுநாளைய நடைமுறை. இப்போது வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் அந்த மருந்து அரசுத் திட்டத்தில் இலவசமாகத் தரப்படுகிறது. பெரியவர் போகும்போது, தமக்கும் இரண்டு மாதமாக இருமல் இருப்பதாகவும், மெடிக்கல் ஷாப்பில் டானிக் வாங்கிக் குடித்து வருவதாகவும் சொன்னார். நோயைக் கண்டுபிடிப்பதில் இந்த டானிக்தான் பெரிய தடை. மருமகளுக்கும் அதே கடை டானிக்தான் மூன்று மாதம் ஓடியிருக்கிறது.

2019 முதல் 2021 வரை நாடு முழுவதும் நடந்த காசநோய்க் கணக்கெடுப்பு இதைத் தெளிவாகக் காட்டியது. அறிகுறி இருந்தவர்களில் ஏறத்தாழ 64 சதவீதம் பேர் மருத்துவம் தேடிப் போகவே இல்லை. இன்னொரு செய்தி நம்மை இன்னும் அதிரவைத்தது. கண்டுபிடிக்கப்பட்ட நோயாளிகளில் சுமார் 43 சதவீதம் பேர், நெஞ்சு எக்ஸ்ரே எடுக்காமல் இருமல், காய்ச்சல் உண்டா என்று மட்டும் கேட்டிருந்தால் தப்பிப் போயிருப்பார்கள். எனவே இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் சளிப் பரிசோதனை, வீட்டில் நோயாளி இருந்தால் இருமல் இல்லாவிட்டாலும் எக்ஸ்ரே. 1882இல் ராபர்ட் காக் இந்தக் கிருமியைக் கண்டறிந்த காலத்திலிருந்து நுண்ணோக்கியில் சளியைப் பார்ப்பதே வழக்கம். குறைவான கிருமிகளை அது தவறவிட்டுவிடும். இப்போது கிருமியின் மரபணுவைத் தேடும் கருவிகள் உள்ளன. சுமார் இரண்டு மணி நேரத்தில் நோய் உண்டா என்பதோடு, ரிஃபாம்பிசினுக்கு அடங்காத கிருமியா என்பதையும் சொல்லிவிடும். இந்தியாவில் உருவான ட்ரூநாட் கருவியை உலக சுகாதார நிறுவனம் 2020இல் ஏற்றுக்கொண்டது. அரசு மருத்துவமனைகளில் இந்தச் சோதனைக்குக் கட்டணம் இல்லை.

உணவு பற்றிச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். சென்னை ஆய்வைக் கேட்டுவிட்டு, 'அப்படியானால் சாப்பாடு முக்கியமில்லை' என்று சிலர் எடுத்துக்கொண்டார்கள். மருத்துவ உலகிலும் அந்த எண்ணம் வெகுகாலம் இருந்தது. கிருமி அடங்குகிறதா என்று கேட்டால் மருந்து போதும் என்பது சரியே. ஆனால் நோயாளி பிழைப்பாரா, வீட்டில் மற்றவருக்கு வருமா என்ற கேள்விகள் வேறு. ஜார்கண்டில் நான்கு மாவட்டங்களில் 2019இல் தொடங்கிய ஓர் ஆய்வு இவற்றை எடுத்துக்கொண்டது. 2,800 நோயாளிகள், அவர்களது வீடுகளில் 10,345 பேர். நோயாளிகள் அனைவருக்கும் மாதம் 10 கிலோ உணவுப் பொருள்: 5 கிலோ அரிசி, 3 கிலோ வறுத்த கடலை மாவு, ஒன்றரை கிலோ பால் பவுடர், அரை லிட்டர் எண்ணெய். வீட்டாரில் ஒரு பகுதியினருக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரை கிலோ பருப்பும். எந்தப் பகுதிக் குடும்பங்களுக்கு என்பதை இங்கும் சீட்டுதான் தீர்மானித்தது. உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. நோயாளிகளிலும், முதல் இரண்டு மாதங்களில் எடை 5 சதவீதம் கூடியவர்களிடையே இறப்பு வெகுவாகக் குறைவாக இருந்தது. 2023இல் வெளியான முடிவு இது.

அரிசியும் பருப்பும் ஒரு தடுப்பூசிக்கு இணையான வேலையைச் செய்திருக்கின்றன. ரமழானில் நமது ஜமாஅத்துகள் கட்டித் தரும் பைகளில் இருப்பவையும் ஏறக்குறைய இவையே. மஹல்லாவில் காசநோய் மருந்து சாப்பிடும் குடும்பத்துக்கு அந்தப் பை ஆறு மாதமும் போகலாமே என்று நாம் நிர்வாகிகளிடம் பேசினோம். பெயர் வெளியே தெரியக் கூடாது என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்கள். அரசும் சிகிச்சைக் காலத்தில் மாதம் 500 ரூபாய் தந்துவந்தது, 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாய்.

மருந்து சாப்பிடுபவர்கள் அஞ்சி நிறுத்திவிடும் சில இடங்கள் உண்டு. ரிஃபாம்பிசின் சிறுநீரையும் வியர்வையையும் சிவந்த நிறமாக்கும். அது இரத்தம் அல்ல. பாதத்தில் எரிச்சல் வரலாம், அதற்கு வைட்டமின் மாத்திரை தருவார்கள். கண் மஞ்சளானால், வாந்தி நிற்காவிட்டால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். இரண்டாம் மாதத்தில் இருமல் நின்று, பசி எடுத்து, எடை ஏறும்போதுதான் பெரும்பாலோர் மருந்தை விடுகிறார்கள். அப்போது உள்ளே மிச்சமிருக்கும் கிருமிகள்தான் மருந்துக்கு அடங்காதவையாக மாறக்கூடியவை.

அந்த மருமகள் பத்து நாட்களில் திரும்பி வந்தார். பெரியவரே போய் அழைத்து வந்தார். அவருடைய எக்ஸ்ரேயில் எதுவும் இல்லை, இருமல் பீடியால் வந்தது என்று மருத்துவர் சொன்னாராம். பிள்ளைக்குத் தடுப்பு மருந்து தொடங்கினார்கள். சிகிச்சையின் நான்காம் மாதத்தில் ரமழான் வந்தது. எல்லோரும் நோன்பு வைக்கும் வீட்டில் தாம் மட்டும் சாப்பிடுவது அவருக்கு வெட்கமாக இருந்திருக்கிறது. மாத்திரையை விட்டுவிட்டு நோன்பு வைக்கலாமா என்று மாமியார் மூலம் கேட்டனுப்பினார். சிலருக்கு மருந்து நேரத்தை ஸஹருக்கு மாற்றித் தர முடியும், அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இவருக்கு எடை இன்னும் ஏறவில்லை, நோன்பு வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நோயாளிக்கு அல்லாஹ் தந்த சலுகை அது. அதை வாங்கிக்கொள்வதில் குறையொன்றும் இல்லை, குணமானபின் கழா செய்தால் போதும் என்று நாமும் சொல்லி அனுப்பினோம். சிகிச்சை முடிந்து, இப்போது திங்கள், வியாழன்களில் விடுபட்ட நோன்புகளை வைத்துவருகிறார். பன்னிரண்டு முடிந்திருப்பதாகச் சென்ற வாரம் பெரியவர் சொன்னார்.